மைலேஜ் கேட்பவர்கள் முதலில் சக்கரத்தைப் பாருங்கள்

ஷோரூமுக்குப் போய் "லிட்டருக்கு எவ்வளவு கொடுக்கும்?" என்று கேட்காமல் கார் வாங்குகிறவர் நம்மில் யாரும் இல்லை. அங்கே சொல்லப்படும் எண் பெரும்பாலும் என்ஜினையும் கியர்பாக்ஸையும் வைத்துச் சொல்லப்படுவது. பேஸ் மாடலில் 14 அங்குல சக்கரமும் டாப் மாடலில் 16 அங்குல சக்கரமும் இருந்தாலும் இரண்டுக்கும் ஒரே எண்ணைத்தான் சொல்வார்கள். ஆனால் வண்டி வீட்டுக்கு வந்தபிறகு பங்க்கில் நாம் கொடுக்கும் பணத்தில் சக்கரத்துக்கும் ஒரு பங்கு உண்டு.

சக்கரம் மூன்று வழிகளில் பெட்ரோலைக் குடிக்கிறது. உருளும்போது தரையைத் தொடும் இடத்தில் ரப்பர் நசுங்கி, மறுபடி நிமிர்கிறது; அதில் கொஞ்சம் சக்தி வெறும் சூடாகப் போய்விடுகிறது. சக்கரத்தின் எடையைச் சுழற்றி வேகமெடுக்க வைப்பதற்கு இன்னும் கொஞ்சம். சுழலும் சக்கரம் பக்கத்துக் காற்றைக் கலக்கிவிடுவதால் வரும் தடை மூன்றாவது. ரிம் பெரிதாக ஆக, இவற்றில் ஒன்றோ மூன்றுமோ கூடுவதுதான் வழக்கம். புது கார் வாங்குகிறவர்களுக்கும், டயர் மாற்றப் போகிறவர்களுக்கும், இருக்கிற வண்டியிலேயே செலவைக் குறைக்க நினைப்பவர்களுக்கும் சில குறிப்புகள்:

1. ஒரே காரில் இரண்டு அளவு சக்கரம் இருந்தால் சிறியதை எடுங்கள்.

அமெரிக்காவில் சில கார்களுக்கு மாடல் வாரியாகப் பிரித்து அரசு மைலேஜ் எண் தருகிறது. 2023ஆம் ஆண்டு டொயோட்டா பிரியஸைப் பாருங்கள். 17 அங்குல சக்கரம் கொண்ட ஆரம்ப மாடலுக்கு ஒரு காலனுக்கு 57 மைல். 19 அங்குலம் கொண்ட மேல் மாடல்களுக்கு 52 மைல். நம் கணக்கில் லிட்டருக்கு 24.2 கி.மீ., 22.1 கி.மீ. என்ஜின் ஒன்றுதான். டயரின் அகலம்கூட இரண்டிலும் 195 மில்லிமீட்டர்தான். மேல் மாடலில் கூடுதல் வசதிகளின் எடை கொஞ்சம் சேரும் என்பது உண்மை. அதைக் கழித்துப் பார்த்தாலும் வித்தியாசம் சிறியதல்ல.

மின்சாரக் கார்களில் இது இன்னும் பளிச்சென்று தெரிகிறது. ஹூண்டாய் ஐயானிக் 6 காரின் 2023 மாடலில், ஒரே 77.4 கிலோவாட் மணி பேட்டரி, ஒரே பின்சக்கர மோட்டார். 18 அங்குல சக்கரத்தில் ஒரு சார்ஜுக்கு 361 மைல், 20 அங்குலத்தில் 305 மைல். அதாவது 581 கி.மீ. கிடைக்க வேண்டிய இடத்தில் 491 கி.மீ. சென்னையிலிருந்து புறப்பட்டால் மதுரையைத் தாண்டிப் போகிற தூரத்துக்கும் மதுரையோடு நின்றுவிடுகிற தூரத்துக்கும் உள்ள வித்தியாசம் அது.

ஒரு எச்சரிக்கையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். கூடுதல் ஏர்பேக் போன்ற பாதுகாப்பு வசதிகள் டாப் மாடலில்தான் இருக்கின்றன என்றால், மைலேஜுக்காக அவற்றை விட்டுவிடாதீர்கள். டாப் மாடலையே எடுத்து, கம்பெனி அனுமதித்த சிறிய சக்கரம் அதில் பொருந்துமா என்று சர்வீஸ் சென்டரில் கேளுங்கள். மேல் மாடலில் பிரேக் டிஸ்க் பெரிதாக இருந்தால் சிறிய ரிம் உள்ளே நுழையாது.

2. டயரில் எழுதியிருப்பதைப் படிக்கப் பழகுங்கள்.

185/65 ஆர்15 88எச் என்று இருந்தால்: 185 என்பது டயரின் அகலம், மில்லிமீட்டரில். 65 என்பது பக்கச் சுவரின் உயரம். அகலத்தில் 65 சதவீதம், அதாவது சுமார் 120 மி.மீ. 15 என்பது ரிம்மின் விட்டம், அங்குலத்தில். 88 என்பது ஒரு டயர் தாங்கும் எடைக்கான குறியீடு; 560 கிலோ என்று பொருள். எச் என்பது மணிக்கு 210 கி.மீ. வரை தாங்கும் என்பதற்கான எழுத்து. கடையில் வேறு டயர் காட்டினால் எடைக் குறியீடும் வேக எழுத்தும் பழையதைவிடக் குறையாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

3. ரிம் மாறினாலும் டயரின் மொத்த உயரம் மாறக் கூடாது.

மாருதி ஸ்விஃப்ட், பலேனோ கார்களில் வந்திருக்கும் மூன்று அளவுகளை எடுத்துக்கொள்வோம். 165/80 ஆர்14 டயரின் மொத்த விட்டம் 619.6 மி.மீ. 185/65 ஆர்15 போட்டால் 621.5. 195/55 ஆர்16 என்றால் 620.9. ரிம் இரண்டு அங்குலம் வளர்ந்தும் மொத்த உயரத்தில் இரண்டு மில்லிமீட்டர்கூட வித்தியாசம் இல்லை. ரிம் வளர்ந்த அளவுக்குப் பக்கச் சுவரைக் குறைத்துவிட்டார்கள். ஸ்பீடோமீட்டரும் கிலோமீட்டர் கணக்கும் அதனால்தான் பிசகுவதில்லை.

கடையில் "அதே 15 இன்ச் ரிம்முதான் சார், 195/65 போட்டுக்கலாம்" என்பார்கள். விட்டம் 634.5 ஆகிவிடும். 2 சதவீதம் கூடுதல். முள் 100 காட்டும்போது பழைய டயரில் ஓடியிருக்கும் வேகத்தைவிட இப்போது 2 சதவீதம் வேகமாகப் போய்க்கொண்டிருப்பீர்கள். ஓடிய தூரமும் மீட்டரில் குறைவாகப் பதியும். மைலேஜ் கணக்குப் போட்டால் நிஜத்தில் விழுந்ததைவிட அதிகமாக விழுந்ததுபோல் தெரியும்.

4. உண்மையில் கெடுப்பது அகலம்.

பெரிய விட்டம் என்பதே பாவம் என்று நினைக்க வேண்டாம். மொத்த விட்டம் பெரிதான டயர், அதே எடையைத் தாங்கும்போது தரையில் குறைவாகவே வளைகிறது. அது உருளும் தடையைக் குறைக்கத்தான் செய்யும். பிஎம்டபிள்யூ ஐ3 மின்சாரக் காருக்கு 155/70 ஆர்19 டயர் போட்டது அதற்காகத்தான். ஆல்ட்டோ, வேகன் ஆர் அளவுக்கு ஒல்லியான டயர், ஆனால் 19 அங்குல ரிம். உயரமும் ஒடுக்கமுமான சக்கரம் காற்றைக் குறைவாக எதிர்கொள்ளும், லேசாக உருளும்.

நம் ஊரில் நடப்பது இதற்கு நேர்மாறு. ரிம்மைப் பெரிதாக்கும்போது டயரையும் அகலமாக்குகிறோம். "205 போட்டா பின்னாடி இருந்து பார்த்தா வண்டி கெத்தா இருக்கும் சார்" என்று டயர் கடைக்காரர் சொல்வது உண்மைதான்; கெத்தாகத்தான் இருக்கும். அகல டயர் எடை கூடுதல், முன்பக்கம் காற்றை எதிர்க்கும் பரப்பு கூடுதல், பெரும்பாலும் பிடிமானத்துக்காகச் செய்யப்பட்ட மென்மையான ரப்பர். 2010இல் அமெரிக்காவின் 'கார் அண்ட் டிரைவர்' இதழ் ஒரே வோக்ஸ்வேகன் கோல்ஃப் காரில் 15 அங்குலத்திலிருந்து 19 அங்குலம் வரை மாற்றி மாற்றிப் போட்டு ஓட்டிப் பார்த்தது. ரிம்மோடு டயரும் அகலமாகிக்கொண்டே போனது. 15லிருந்து 19க்குப் போனபோது மைலேஜ் ஏறக்குறைய 10 சதவீதம் விழுந்தது. வளைவில் பிடிமானம் கூடியது, பிக்கப் குறைந்தது. பந்தயத் தடத்தில் ஓட்டுகிறவருக்கு அந்தப் பிடிமானம் வேண்டும். பிள்ளைகளைப் பள்ளியில் விட்டு அலுவலகம் போகிறவருக்கு அதனால் என்ன பயன்?

5. செலவைக் காகிதத்தில் போட்டுப் பாருங்கள்.

வருடத்துக்கு 12,000 கி.மீ. ஓடும் கார், லிட்டருக்கு 18 கொடுக்கிறது என்று வைத்துக்கொள்வோம். 667 லிட்டர் ஆகும். மைலேஜ் 5 சதவீதம் விழுந்தால் 702 லிட்டர். லிட்டர் 100 ரூபாய் என்றே கணக்கிட்டாலும் வருடத்துக்கு 3,500 ரூபாய்; ஐந்து வருடத்தில் 17,500. புது அலாய் செட்டின் விலை தனி, அடுத்த முறை அந்தப் பெரிய அளவு டயர் வாங்கும்போது ஆகும் கூடுதல் விலை தனி. இதையெல்லாம் கூட்டிப் பார்த்தபிறகும் மனசு கேட்டால் வாங்குங்கள்.

6. எடையைத் தூக்கிப் பார்த்து முடிவு செய்யுங்கள்.

அலாய் என்றாலே லேசு என்பது பரவலான நம்பிக்கை. வார்ப்பில் செய்த சாதாரண அலாய், அதே அளவு இரும்பு ரிம்முக்குச் சமமான எடையில் இருப்பது சகஜம். 14 அங்குல இரும்பு ரிம்மைக் கழற்றி 16 அங்குல அலாய் போட்டால் எடை கூடிவிடுவதுதான் வழக்கம். அடித்து உருவாக்கிய ஃபோர்ஜ்டு அலாய்தான் நிஜமாகவே லேசானது. விலையும் அதற்கேற்ப இருக்கும்.

சக்கரத்தின் எடைக்கு ஏன் இவ்வளவு கவலைப்பட வேண்டும் என்றால், அது முன்னோக்கி ஓடவும் வேண்டும், சுழலவும் வேண்டும். டயரின் வெளி விளிம்பில் கூடும் ஒரு கிலோ, வண்டி வேகமெடுக்கும்போது ஏறக்குறைய இரண்டு கிலோ போல என்ஜினுக்குக் கனக்கும். நெடுஞ்சாலையில் ஒரே சீராகப் போகும்போது இது பெரிதாகத் தெரியாது. பெருங்களத்தூர் நெரிசலில் நின்று, நகர்ந்து, மறுபடி நின்று போகும்போது ஒவ்வொரு முறையும் அந்த எடையைச் சுழற்றிவிட்டு, பிரேக்கில் அந்தச் சக்தியைச் சூடாக்கி வீணடிக்கிறோம்.

வீட்டில் எடை பார்க்கும் மெஷின் இருந்தால் ஒரு வேலை செய்யலாம். அலாய் வாங்கும் கடைக்கு அதை எடுத்துப் போங்கள். உங்கள் பழைய ரிம் ஒன்றையும் புது ரிம் ஒன்றையும் டயர் இல்லாமல் அதன்மேல் வைத்துப் பாருங்கள். நேர்மையான கடைக்காரர் யாரும் வேண்டாம் என்று சொல்ல மாட்டார்.

7. ஓட்டை குறைந்த டிசைன் நல்லது.

ஓடும் காரின் மொத்தக் காற்றுத் தடையில் ஏறக்குறைய நான்கில் ஒரு பங்கு சக்கரங்களாலும் சக்கரக் குழிகளாலும் வருகிறது. ஒல்லியான ஐந்து கம்பிகளும் நடுவே பெரிய இடைவெளிகளுமாக இருக்கும் ரிம் அழகுதான். ஆனால் ஒவ்வொரு கம்பியும் ஒரு துடுப்பு மாதிரி காற்றைக் கலக்கிக்கொண்டே போகும். முகம் தட்டையாக, இடைவெளிகள் சிறியதாக இருக்கும் ரிம் காற்றை வழுக்கிவிடும். டெஸ்லா மாடல் 3இன் 18 அங்குல அலாய் மேல் ஒரு பிளாஸ்டிக் மூடி வருவதும், பழைய பிரியஸ் கார்களில் அலாய் சக்கரத்துக்கும் வீல் கப் போட்டு விற்றதும் இதற்காகத்தான். 1999இல் வந்த முதல் ஹோண்டா இன்சைட்டில் பின்சக்கரத்தைப் பாதிக்குமேல் தகடு வைத்தே மூடிவிட்டார்கள்.

காற்றுத் தடை வேகத்தின் வர்க்கத்தில் ஏறும். 50 கி.மீ. வேகத்தில் இருப்பதைப்போல 100 கி.மீ. வேகத்தில் நான்கு மடங்கு. ஆகவே டிசைனால் வரும் லாபம் ஜி.எஸ்.டி. சாலையில் திண்டிவனம் தாண்டி ஓடுகிறவருக்குத்தான், தி.நகருக்குள்ளேயே சுற்றுகிறவர் இதற்காகச் செலவு செய்ய வேண்டியதில்லை.

8. கீழே விழுந்த வீல் கப்பை உடனே மாற்றுங்கள்.

வேகத்தடையில் ஏறி இறங்கும்போது கழன்று போன கப்பை நிறைய பேர் கண்டுகொள்வதே இல்லை. இரும்பு ரிம்மின் மேடு பள்ளங்களை மூடி காற்றை வழுக்கிவிடுவது அந்தப் பிளாஸ்டிக்தான். முழுக்க அடைத்த மூடியை மட்டும் வீட்டிலேயே செய்து மாட்டாதீர்கள். பிரேக் குளிரக் காற்று வேண்டும். ஏற்காட்டிலிருந்தோ கொடைக்கானலிலிருந்தோ இறங்கும்போது அது உயிர் சம்பந்தப்பட்ட விஷயம்.

9. பணத்தை ரிம்மில் போடாமல் டயரில் போடுங்கள்.

இதைத்தான் நான் எல்லோரிடமும் வற்புறுத்திச் சொல்வேன். ஒரே அளவில் இரண்டு டயர்கள் பார்வைக்கு ஒன்றுபோல இருந்தாலும் உருளும் தடையில் மிகவும் வேறுபடும். ஐரோப்பாவில் டயர் லேபிளில் ஏ முதல் இ வரை தரம் போடுகிறார்கள். கார் டயரில் ஏ என்றால் ஒரு டன் எடைக்கு 6.5 கிலோ அல்லது அதற்கும் குறைந்த இழுவை. இ என்றால் 10.6 அல்லது அதற்கு மேல். இந்தியாவில் ஃபிரிட்ஜுக்கும் ஏசிக்கும் நட்சத்திரம் கொடுக்கும் பி.இ.இ. டயருக்கும் நட்சத்திர லேபிள் கொண்டுவந்திருக்கிறது. கடையில் கேளுங்கள்; நாம் கேட்டால்தான் அவர்களும் வைப்பார்கள்.

உருளும் தடை 10 சதவீதம் குறைந்தால் மைலேஜ் 1 முதல் 2 சதவீதம் கூடும் என்று அமெரிக்க தேசிய ஆய்வு மன்றத்தின் 2006ஆம் ஆண்டு அறிக்கை சொல்கிறது. மைலேஜ் டயர் மழையில் வழுக்கும் என்ற பயம் முன்பு நியாயமாக இருந்தது. 1992இல் மிஷலின் நிறுவனம் ரப்பரில் கார்பனுக்குப் பதிலாகப் பெருமளவு சிலிக்கா சேர்த்து டயர் கொண்டுவந்தபிறகு நிலைமை மாறிவிட்டது. இருந்தாலும் ஈரச் சாலைப் பிடிமானத்தின் தரத்தையும் சேர்த்துப் பார்த்தே வாங்குங்கள். ஐப்பசி மழையில் ஒரு முறை வண்டி நிற்காமல் போனால், மிச்சம் பிடித்த பெட்ரோல் எதற்கு உதவும்?

10. காற்று: காலையில், வண்டி எடுத்ததும், பக்கத்து பங்க்கில்.

டிரைவர் கதவைத் திறந்தால் தூணில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் எவ்வளவு காற்று என்று இருக்கும். நான்கு பேருக்கு ஓர் எண், பெட்டி படுக்கையோடு முழு பாரத்துக்கு வேறு எண் என்று சில கார்களில் இரண்டு வரிசை இருக்கும். பங்க் பையனிடம் "வழக்கம்போல அடி தம்பி" என்று சொல்லாமல் அந்த எண்ணைச் சொல்லி அடிக்கச் சொல்லுங்கள். டயரின் பக்கச் சுவரில் போட்டிருப்பது அதிகபட்ச அளவு; அதை நிரப்பக் கூடாது.

நான்கு டயரிலும் ஒரு பி.எஸ்.ஐ. குறைந்தால் மைலேஜ் சுமார் 0.2 சதவீதம் குறையும் என்பது அமெரிக்க எரிசக்தித் துறையின் கணக்கு. 33 இருக்க வேண்டிய இடத்தில் 25 இருந்தால் 1.6 சதவீதம். பெரிய எண் இல்லைதான். ஆனால் காற்று குறைந்த டயர் ஓரங்களில் சீக்கிரம் தேய்கிறது, சூடேறுகிறது. மே மாத வெயிலில் நெடுஞ்சாலையில் டயர் வெடிப்பதற்கும் அதுவே வழி.

வெப்பநிலை 5, 6 டிகிரி ஏறினால் காற்றழுத்தம் ஒரு பி.எஸ்.ஐ. ஏறும். ஓடிச் சூடான டயரில் 37 காட்டுகிறது என்று காற்றை இறக்கிவிட்டால் மறுநாள் காலையில் அது குறைவாகத்தான் இருக்கும்.

11. நைட்ரஜனுக்காக அலைய வேண்டாம். சாதாரணக் காற்றிலேயே 78 சதவீதம் நைட்ரஜன்தான். சரியான அளவு இருந்தால் மைலேஜில் இரண்டுக்கும் வித்தியாசம் இல்லை.

12. டயரைக் கையால் தடவிப் பாருங்கள்.

வண்டியை நிழலில் நிறுத்தி, ஸ்டீயரிங்கை ஒரு பக்கம் முழுக்கத் திருப்புங்கள். முன் டயர் வெளியே தெரியும். கம்பி, கண்ணாடி குத்தியிருக்கிறதா என்று முதலில் பார்த்துவிட்டு, உள்ளங்கையை டயரின் குறுக்கே உள்ளிருந்து வெளியே ஒரு முறை, வெளியிலிருந்து உள்ளே ஒரு முறை மெதுவாக இழுங்கள். ஒரு திசையில் வழுவழுப்பாகவும் எதிர்த் திசையில் ரம்பப் பல் போல் சொரசொரவென்றும் இருந்தால் அலைன்மென்ட் போய்விட்டது. சக்கரங்கள் நேராக உருளாமல் கொஞ்சம் பக்கவாட்டில் தேய்த்துக்கொண்டு போகின்றன. அரை டிகிரி திரும்பியிருந்தாலே கிலோமீட்டருக்குச் சுமார் 9 மீட்டர் தூரம் ரப்பரைக் குறுக்கே இழுத்ததற்குச் சமம். டயரும் போகிறது, பெட்ரோலும் போகிறது. பெரிய பள்ளத்தில் விட்டுவிட்டால் 5,000 கி.மீ. ஆகட்டும் என்று காத்திருக்காமல் அலைன்மென்ட் பார்த்துவிடுங்கள்.

பக்கச் சுவர் குறைந்த டயர்களில் பள்ளத்தின் அடி நேராக ரிம்முக்கே போகும். ரிம் விளிம்பு நெளிந்தால் அந்த இடத்தில் காற்று மெல்ல மெல்லக் கசியும். வாரா வாரம் ஒரே சக்கரத்தில் மட்டும் காற்று குறைந்தால் பஞ்சரைத் தேடுவதோடு நிறுத்தாமல் ரிம் விளிம்பில் சோப்புத் தண்ணீர் தடவிப் பாருங்கள். நெளிந்த இடத்தில் குமிழி வரும்.

13. ஓடி முடித்ததும் நான்கு சக்கரமும் ஒரே சூடா?

பிரேக் அதிகம் பிடிக்காமல் கொஞ்ச தூரம் ஓட்டிவிட்டு நிறுத்தி, ஒவ்வொரு ரிம்முக்கும் பக்கத்தில், தொடாமல், கையைக் கொண்டுபோங்கள். ஒன்று மட்டும் அனல் வீசினால் பிரேக் அந்தச் சக்கரத்தை விடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறது. மழைக்காலத்துக்குப் பிறகும், வண்டி நாள்கணக்கில் நின்ற பிறகும் இது நேரும். மைலேஜ் திடீரென்று விழுந்தால் என்ஜினைப் பிரிப்பதற்கு முன் இதைப் பார்க்கச் சொல்லுங்கள்.

14. புது டயர் போட்டதும் மைலேஜ் குறைந்தால் பதற வேண்டாம்.

புது டயரில் பட்டன் ஆழம் அதிகம். நசுங்கி நிமிர ரப்பரும் அதிகம். தேய்ந்த டயர்தான் லேசாக உருளும். அதோடு, 8 மி.மீ. பட்டன் தேய்ந்து 1.6 மி.மீ. ஆனால் டயரின் விட்டம் 12.8 மி.மீ. குறையும். ஸ்விஃப்ட் அளவு டயரில் அது 2 சதவீதம். அதாவது பழைய டயர் ஓடாத தூரத்தையும் ஓடியதாக மீட்டரில் ஏற்றிக்கொண்டிருந்தது. புது டயர் சரியாகக் காட்டுகிறது. இதை நினைத்து மொட்டை டயரிலேயே ஓட்டிவிடாதீர்கள். நம் நாட்டில் காருக்கு 1.6 மி.மீ. என்பது சட்டப்படி கடைசி எல்லை. பள்ளங்களுக்கு நடுவே இருக்கும் சின்ன மேடுகளோடு பட்டன் சமமாகிவிட்டால் டயரின் காலம் முடிந்துவிட்டது.

15. கம்பெனி அந்த மாடலுக்கு அனுமதித்த அளவைத் தாண்டாதீர்கள். ஓனர் மேனுவலில் அந்த அளவுகள் இருக்கும். அதற்குமேல் போனால் டயர் ஃபெண்டரில் உரசும், வீல் பேரிங் சீக்கிரம் போகும், விபத்து இன்ஷூரன்ஸ் கேட்கும்போது சிக்கல் வரும்.

16. மாற்றத்தின் பலனை நீங்களே அளந்து பாருங்கள்.

டேஷ்போர்டு காட்டும் சராசரியை நம்பி முடிவெடுக்க வேண்டாம். ஒரே பங்க்கில், முடிந்தால் ஒரே பம்பில், துப்பாக்கி தானாக நிற்கும் வரை போட்டு டேங்க்கை நிரப்புங்கள். டிரிப் மீட்டரைப் பூஜ்யமாக்குங்கள். வழக்கமான பாதையில் 300, 400 கி.மீ. ஓட்டிவிட்டு அதே இடத்தில் அதே மாதிரி நிரப்பி, ஓடிய தூரத்தை லிட்டரால் வகுங்கள். டயர் அளவை மாற்றியிருந்தால் ஒரு நீண்ட பயணத்தில் போன் மேப் காட்டும் தூரத்தையும் மீட்டர் காட்டும் தூரத்தையும் ஒப்பிடுங்கள். மீட்டர் 100 என்னும்போது மேப் 102 என்றால், கிடைத்த மைலேஜை 1.02ஆல் பெருக்கிக்கொள்ளுங்கள். மாற்றுவதற்கு முன் ஒரு முறையும் மாற்றியபின் ஒரு முறையும் இதே கணக்கைப் போட்டு, ஏசி போட்டிருந்தீர்களா, எத்தனை பேர் இருந்தீர்கள் என்பதையும் சேர்த்து சர்வீஸ் புத்தகத்தின் பின்பக்கத்தில் தேதியோடு எழுதி வையுங்கள்.